சிரிக்கணுமாம், யாரைப் பார்த்து?

"டிரம்ஸ்காரரே, மேடையில் கொஞ்சம் சிரிச்சு வாசிங்க. எங்களோட ஒட்டவே மாட்டேங்கிறீங்க." நேற்று ரிசப்ஷன் கச்சேரி முடிந்ததும் கீபோர்டுக்காரர் சொன்னது இது. சொன்னவர் யார்? மூன்று மணி நேரமும் டேப்லெட்டை விட்டுத் தலை தூக்காத மகான்.

நான் யாரைப் பார்த்துச் சிரிப்பது? பாடகர் செல்போனில் பாட்டு வரியைத் தேடிக்கொண்டிருக்கிறார். கிட்டார்காரர் காலடியில் இருக்கும் பெடல்களோடு குடும்பம் நடத்துகிறார். பேஸ் கிட்டார் வாசிப்பவர், அதாவது நான் காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு அடிக்கு அடி சேர்ந்து விழ வேண்டிய மனிதர், மேடையின் அந்தக் கோடியில். நடுவே பூ அலங்கார யானை வேறு!

என்னைச் சுற்றி அக்ரிலிக் தடுப்பு. சத்தம் அதிகமாம். மீன்தொட்டிக்குள் உட்கார்ந்து என்ன முகபாவம் காட்டுவது? காதுக்குள் வேகம் தப்பாமலிருக்க ஓடும் கிளிக் சத்தம் வேறு டக் டக்கென்று மண்டையைத் துளைக்கிறது.

அப்புறம், சரணம் முடியும் முன்பே பாடகர் பல்லவிக்குத் தாவுவார். முன்கூட்டி ஒரு கண்ஜாடை? கிடையாது. 6/8 நடையில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த நான், கடகடவென்று உருட்டி அடிக்கும் ரோலின் பாதியில் அந்தரத்தில் தொங்குவேன். உடனே நாலு பேரும் திரும்பி என்னை முறைப்பார்கள். அப்போது மட்டும் எல்லோருக்கும் கழுத்து திரும்புகிறது!

வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான், ஒரே ஒருமுறைதான் சிரித்திருக்கிறேன். பந்தி போட்டாச்சு என்று கேட்டரிங் பையன் கைகாட்டியபோது.