25 வயதில் மூளைக்குப் பூட்டு விழுமா?

வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது: “மூளை 25 வயதில்தான் முழுமை அடைகிறது. அதுவரை செய்த தவறுக்கு நீங்கள் பொறுப்பல்ல. அதன்பின் மாறவும் முடியாது.” இரண்டு பாதியும் தவறு.

நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி தாமதமாக முதிர்கிறது என்பது சரிதான். ஆனால் 25 எல்லைக்கோடு இல்லை. 1999இல் அமெரிக்காவில் ஜே கீட் குழு வெளியிட்ட புகழ்பெற்ற எம்ஆர்ஐ ஆய்வில் மூத்தவருக்கே 22 நிரம்பவில்லை. அந்த வயதோடு படம் எடுப்பது நின்றது, மூளை நிற்கவில்லை. முப்பதுகளிலும் மாற்றம் தொடர்கிறது.

லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களைப் பாருங்கள். உரிமம் வாங்க சுமார் 25,000 தெருக்களை வருடக்கணக்கில் மனப்பாடம் செய்ய வேண்டும். 2011இல் வெளியான ஆய்வில், தேர்ச்சி பெற்றவர்களுக்கு ஹிப்போகேம்பஸின் (நினைவுக்கும் வழி அறிவதற்கும் உதவும் மூளைப் பகுதி) பின்பகுதி முன்பைவிடப் பெருத்திருந்தது. அவர்களின் சராசரி வயது 25ஐ நன்றாகவே தாண்டியது. பழைய மனக்காயத்திலிருந்து மீள நினைப்பவருக்கும் ‘வயது முடிந்துவிட்டது’ என்ற பேச்சு பொருந்தாது.

பொறுப்பு? இந்தியச் சட்டப்படி 18 முடிந்தாலே மேஜர். என் தம்பி 24 வயதில் வாங்கிய கைமாற்றைக் கேட்டதற்கு, பதிலாக இந்தப் படத்தைத்தான் அனுப்பினான். பணம் இன்னும் வரவில்லை.