தலைவி ஊருக்குப் போன வாரம் கூட்டம் நடந்ததா?

மகளிர் சுயஉதவிக் குழு ஊக்குநர்களுக்கான, அதாவது குழுத் தலைவிகளுக்கான, தலைமைப் பயிற்சி என்றாலே ஒன்றிய அலுவலகத்தில் ஒரு நாள், ஒரு நோட்டு, ஒரு பேனா, மதியச் சாப்பாடு, கடைசியில் குரூப் போட்டோ என்று பல இடங்களில் ஆகிவிட்டது. பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே விவரமாக இருக்கிற ஒருவரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தால் குழு பலப்படாது, பலவீனமாகும் என்பதுதான் என் கருத்து. அவர் படிக்கப் படிக்க மற்றவர்கள், "அக்கா பாத்துக்குவாங்க" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

1989-ல் தர்மபுரியில் தொடங்கி, 1997-98-ல் மகளிர் திட்டமாக தமிழகம் முழுக்கப் பரவிய ஏற்பாடு இந்தக் குழுக்கள். 12 முதல் 20 பேர் சேர்ந்தது ஒரு குழு. ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். பொறுப்பு சுற்றி வரவேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே சொல்லப்பட்டு வரும் விஷயம். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் பெயர் மாறியிருக்கும், பாஸ்புக் மட்டும் அதே வீட்டு பீரோவில் இருக்கும். இப்படி எத்தனையோ குழுக்கள்.

இதற்குப் பதவி ஆசை மட்டும் காரணமில்லை. குழுவுக்குச் சேமிப்புக் கணக்கு தொடங்கும்போது எல்லா உறுப்பினர்களின் கேஒய்சியும் (அடையாள, முகவரிச் சான்றுகள்) தேவையில்லை, பொறுப்பாளர்களுடையது போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நல்ல விதிதான். ஆனால் பொறுப்பாளர் மாறும்போது தீர்மான நகல், புதியவரின் ஆதார், போட்டோ, மாதிரிக் கையெழுத்து என்று மறுபடியும் வங்கிக்கு அலைய வேண்டும். ஒரு நாளில் முடியாது. இரண்டு மூன்று நாள் கூலி போகும், பஸ் செலவு கைக்காசு. கவுண்டரில் இருப்பவருக்கும் பழகிய முகம் வந்தால்தான் வசதி. "பழைய ஆளே இருக்கட்டும்" என்று எல்லோரும் முடிவு செய்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? ஆகவே முதல் வேலை, வங்கிக்குப் போய்வருகிறவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று குழு நிதியிலிருந்து படி தருவதாகத் தீர்மானம் போடுவது. அதைக் கொடுக்காமல் சுழற்சி பற்றி எத்தனை வகுப்பு எடுத்தாலும் பயனில்லை.

அடுத்தது, மூன்று பேரையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. ஒருவர் மாறும்போது பழையவர் இருவர் இருக்க வேண்டும். அப்போதுதான் கையெழுத்துக்காகப் பணம் முடங்காது. புதிதாக வருகிறவருக்கு மூன்று மாதம் பழகுகாலம் வேண்டும். முதல் மாதம் கூட்டத்தை அவர் நடத்தட்டும், பழையவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்கட்டும் (இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது). இரண்டாம் மாதம் ரொக்கப் புத்தகம் அவர் பொறுப்பு. மூன்றாம் மாதம் ஒரு பிரதிநிதியைக் கூட்டிக்கொண்டு பழையவர் இல்லாமல் வங்கிக்குப் போய்வரட்டும். அதன் பிறகு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஒப்படைப்பு: பாஸ்புக், காசோலைப் புத்தகம், முத்திரை, பெட்டி, சாவி, பதிவேடுகள், யார் யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியல். பட்டியலில் தன் பெயருக்கு நேரே ஒவ்வொருவரும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். ஒருவர் பெயரில் கடன், பணம் வேறொருவர் கையில் என்ற பழைய சிக்கல் அன்றைக்கே வெளியே வந்துவிடும்.

வங்கியில் பதிவான செல்போன் எண்ணையும் அன்றே மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். பணம் எடுத்த குறுஞ்செய்தி இரண்டு வருடமாகப் பழைய ஊக்குநரின் மகன் போனுக்குப் போய்க்கொண்டிருந்தால் புதிய தலைமை எப்படி நிற்கும்?

"எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படித் தலைவி ஆக முடியும்?" என்று கேட்பார்கள். எழுதுவது கணக்காளர் வேலை. அதற்குப் படித்த ஒரு பெண்ணைச் சம்பளம் கொடுத்தே வைத்துக்கொள்ளலாம். பணத்தை எண்ணத் தெரிவதும், கூச்சப்படாமல் கேட்கத் தெரிவதும்தான் தலைவிக்கு வேண்டும். கூட்டம் முடியுமுன் ஐந்து தொகைகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்: போன வார ரொக்க இருப்பு, இன்றைய சேமிப்பு, திரும்பி வந்த கடன், இன்று கொடுத்த கடன், மிச்சம். இருப்பு 400, சேமிப்பு 12 பேருக்கு 50 வீதம் 600, வசூல் 3,200, கொடுத்தது 4,000 என்றால் பெட்டியில் 200 இருக்க வேண்டும். வாரம் ஒருவர் எழுந்து வந்து எண்ணட்டும். மூன்றே மாதத்தில் 12 பேரும் எண்ணி முடித்திருப்பார்கள். நான் பார்த்த வரையில் இதைவிட நல்ல தலைமைப் பயிற்சி கிடையாது.

வட்டிக் கணக்கையும் எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டும். 10,000 ரூபாய் கடன், மாதம் 1,000 வீதம் பத்துத் தவணை, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வையுங்கள். குறைகிற அசலுக்கு வட்டி போட்டால் 100, 90, 80 என்று இறங்கி மொத்தம் 550. முழு அசலுக்கே கடைசிவரை போட்டால் 1,000. வித்தியாசம் 450 ரூபாய். தரையில் புளியங்கொட்டையை வைத்துச் செய்துகாட்டினால் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் அரைமணி நேரத்தில் பிடிபடும். அடுத்த கூட்டத்திலேயே "நமக்கு எந்த வட்டி போடறீங்க?" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலைத் தலைவி எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லப் பழகுவதும் பயிற்சியில் சேர வேண்டும்.

விளையாட்டுகளையும் ஒதுக்கத் தேவையில்லை. உடைந்த சதுரங்கள் என்ற பழைய விளையாட்டு ஒன்று போதும். ஆறு அங்குலச் சதுர அட்டைகள் ஐந்தை 15 துண்டுகளாக வெட்டி, கலந்து, ஐந்து உறைகளில் போட்டு ஐந்து பேரிடம் கொடுப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு முழுச் சதுரம் உருவாக வேண்டும். பேசக் கூடாது, கேட்கக் கூடாது, அடுத்தவரிடமிருந்து எடுக்கக் கூடாது. கொடுக்க மட்டும்தான் செய்யலாம். வெட்டும் அளவில்தான் சூட்சுமம்: சில துண்டுகள் தவறான இடத்திலும் பொருந்தி ஒரு சதுரத்தை முடித்துவிடும், அதனால் மற்றவர்களுக்கு முடியாது. தன் சதுரம் முடிந்ததும் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முடித்ததைக் கலைத்துக் கொடுத்தால்தான் மற்றவர்களுடையது முடியும் என்று புரிய நேரம் பிடிக்கும்.

விளையாட்டுக்கு அரைமணி என்றால், அதைப் பற்றிப் பேச முக்கால்மணி ஒதுக்க வேண்டும். பெரும்பாலும் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று கைதட்டி முடித்துவிடுகிறார்கள். கலைத்துக் கொடுக்க ஏன் மனசு வரவில்லை, துண்டு இல்லாமல் காத்திருந்தவருக்கு எப்படி இருந்தது என்று கேட்டால்தான், கடன் அடைந்ததும் கூட்டத்துக்கு வராமல் போனவர் ஒருவர் தானாகப் பேச ஆரம்பிப்பார். அந்தப் பேச்சு வராவிட்டால் அட்டை வெட்டியதெல்லாம் வீண். அதுபோல ஊக்குநரை மட்டும் அழைத்து இதை நடத்துவதிலும் அர்த்தமில்லை. ஒரே குழுவின் ஐந்து பேர் ஒன்றாக உட்கார வேண்டும்.

இப்போது இதற்கு அவசரம் கூடியிருக்கிறது. அடமானமில்லாமல் 20 லட்சம் வரை குழுவுக்குக் கடன் கிடைக்கிறது. அவ்வளவு பெரிய தொகை ஒருவரின் நேர்மையை மட்டும் நம்பி நிற்பது அவருக்கும் ஆபத்து, வசூல் நின்றால் ஊர்ப் பழி முழுக்க அவர் வீட்டு வாசலில்தான் விழும். அதோடு, உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் 2016-ல் சட்டமான பிறகு குழுத் தலைவிகள் வார்டு உறுப்பினராக, ஊராட்சித் தலைவராகப் போகிறார்கள். மிகவும் சந்தோஷமான விஷயம். அவர்கள் போன மறுவாரமும் குழுவில் சேமிப்பு வசூலாக வேண்டுமில்லையா?

பயிற்சி நடத்துகிறவர்கள் அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நாள் என்று எழுதுகிறார்கள். ஆறு மாதம் கழித்துத் தீர்மானப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஊக்குநர் கல்யாணத்துக்கோ பிரசவம் பார்க்கவோ வெளியூர் போன வாரங்கள் அதில் இருக்கும். அந்த வாரங்களில் கூட்டம் நடந்ததா, யார் நடத்தினார், கடன் கொடுக்கப்பட்டதா, மிச்சம் சரியாக இருந்ததா? உங்கள் அறிக்கையில் அந்த நாலு வரியையும் சேருங்கள்.