குத்தி இழுக்கிறதுக்கு பேரு மீன்பிடியா?

உங்க கட்டுரையில, முட்ட போட ஆத்துல ஏறி வர்ற சால்மன் மீனு இரை எடுக்காது, அதனால தூண்டில் முள்ள வீசி வெடுக்குனு இழுத்து வயித்துல முதுகுல மாட்டுறாங்கன்னு எழுதியிருக்கீங்க, இதே அநியாயம் இங்க இலங்கை மலையகத்துல காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கமும் நடக்குதுங்க. மூனு முள்ளுக்கு கீழ ஈயத்த கட்டி தண்ணி வத்துன நேரம் கரையோரமா இழுத்துக்கிட்டே இருப்பாங்க, பிச்சிக்கிட்டு போற திலாப்பியா விலா கிழிஞ்சி குடல் தொங்க ஓடும், பாக்க சகிக்காது. தாய் மீனு முட்டைய வாய்ல அடக்கிக்கிட்டு திங்காம கிடக்கும், அதையும் குத்தி எடுத்தா குஞ்சு எங்கேருந்து வரும்? பசிபிக் சால்மன் முட்ட போட்டதும் எப்பிடியும் செத்துரும்னு நியாயம் பேசுறாங்க, போடுறதுக்கு முன்னாடியே குத்துறீங்களே அதுக்கு என்ன பதில்? ஒத்த முள்ளு, மண்புழு, வாய்ல கடிச்சா எடுங்க, வேற எடத்துல மாட்டுனா கழட்டி விட்டுருங்க.