அண்ணே, இது என்ன எக்ஸல் ஷீட்டா?

போன வாரம் ஸ்டூடியோவில் பிரீமியர் என்ற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரை லைட் தீமில், அதாவது வெளிர் பின்னணியில், வைத்துக்கொண்டு சப்டைட்டில் அடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற தம்பி கேட்ட கேள்விதான் தலைப்பு. பக்கத்தில் இருந்தவனும் சேர்ந்து சிரித்தான். சிரிக்கட்டும். 2024 அக்டோபரில் வந்த பிரீமியர் 25-இல்தான் டார்க்கஸ்ட், டார்க், லைட் என்று தீம் பிரித்துக் கொடுத்தார்கள், அதற்கு முன்னால் ஒரு ஸ்லைடரை இழுத்துப் பின்னணியைக் கொஞ்சம் வெளிற வைக்கலாம், அவ்வளவுதான். லைட் தீமைத் தொட்டவனை எல்லாம் முகூர்த்தத்துக்கு பெர்முடாஸ் போட்டு வந்தவனைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறார்கள்.

எடிட்டிங் சாஃப்ட்வேர் என்றாலே கறுப்பு என்பது அப்படி ஒன்றும் தொன்று தொட்டு வந்த வழக்கம் இல்லை. ஆப்பிளின் எடிட்டிங் சாஃப்ட்வேரான ஃபைனல் கட் 7 வெளிர் சாம்பலில்தான் இருந்தது, அதில் உட்கார்ந்து முழு நீளச் சினிமாவே வெட்டினார்கள். 2011 ஜூனில் ஃபைனல் கட் டென் வந்தபோதுதான் இருட்டுக்குள் போனது. 3டி சாஃப்ட்வேரான பிளெண்டர் 2019-இல் 2.80 வந்தபோது கறுப்புக்கு மாறியது. கலர் வேலைக்குப் பேர்போன டாவின்சி சாஃப்ட்வேரில் லைட் தீம் என்ற பேச்சே கிடையாது.

கறுப்பு வேண்டும் என்பதற்கு நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. படத்தைச் சுற்றிப் பளீரென்று வெள்ளைப் பேனல்கள் இருந்தால் நடுவில் ஓடும் படம் மங்கலாகத் தெரியும், நாம் தேவையில்லாமல் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, ஏற்றிவிடுவோம். சரி. ஆனால் சுற்றிலும் மையிருட்டாக இருந்தாலும் கண் ஏமாறும் என்பதை யாரும் பேசுவதில்லை.

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். மூன்று வருடம் இருக்கும், ஒரு கல்யாண ஹைலைட்ஸ். மறுநாள் காலை கொடுக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணி, ரூம் லைட்டை அணைத்துவிட்டு, பின்னணியை எவ்வளவு கறுப்பாக்க முடியுமோ அவ்வளவு கறுப்பாக்கி வைத்துக்கொண்டு கலர் செய்தேன், அதாவது படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்தேன். நிழல் பகுதிகள் எல்லாம் வெளுத்துப்போய், படமே தட்டையாக இருப்பதுபோலத் தெரிந்தது. படத்தின் இருண்ட பகுதிகளுக்கான பிளாக்ஸைக் கீழே இழுத்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். கான்ட்ராஸ்ட் ஏற்றினேன். மாப்பிள்ளையின் கோட்டு நல்ல கறுப்பாக வந்ததும் ஒரு திருப்தி. மறுநாள் மண்டபத்து வாசலில், பத்தரை மணி வெயிலில், பெண்ணின் மாமா போனில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, மண்டபத்துல கரண்ட் போயிருச்சா?"

கோட்டில் மடிப்பே தெரியவில்லை. கூந்தல், பின்னால் நின்ற சொந்தக்காரர்கள், எல்லாம் ஒரே கரி. இருட்டான சூழலில் படத்தின் கறுப்புகள் கண்ணுக்கு வெளிறித் தெரியும், அதனால் கான்ட்ராஸ்ட் குறைந்ததுபோலத் தோன்றும். நாம் அதைச் சரிசெய்கிறோம் என்று நினைத்துப் பிளாக்ஸை நசுக்கிவிடுவோம். வெளியே வெயிலில் பார்ப்பவருக்குக் கண்ணாடியில் விழும் வெளிச்சத்தோடு அந்தக் கறுப்பும் சேர்ந்தால் மிச்சம் எதுவும் தெரியாது. படத்தின் வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்மைத் திறந்து பார்த்திருந்தால், நிழல்கள் எல்லாம் பூஜ்யக் கோட்டில் ஒட்டிக் கிடப்பது அப்போதே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. தப்பு என் மேல்தான், சாஃப்ட்வேர் மேல் இல்லை.

ஒரு நிறம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறித் தெரிவது சேலை எடுக்கப் போகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அரக்குச் சேலையைக் கவுன்டர் மேல் விரித்துக் காட்டினால், "கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க" என்று வாசல் பக்கம் கொண்டுபோகாமல் என் அம்மா ஒன்றுகூட வாங்கியதில்லை, அங்கேயும் பக்கத்தில் கிடக்கும் மற்ற சேலைகளைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் பார்ப்பார். இதையேதான் பாரிஸில் கோப்ளான் நெசவுச்சாலையின் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட செவ்ரோல் என்ற வேதியியலாளர் ஆராய்ந்தார். கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்திருக்கிறது. சாயத்தைச் சோதித்தால் அதில் குறை இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மட்டமாகக் காட்டியிருக்கின்றன. 1839-இல் இதையே ஒரு பெரிய புத்தகமாக எழுதினார்.

அந்த நீலம் நம் திரையிலும் இருக்கிறது. டாவின்சியின் பின்னணி பார்க்கச் சாம்பல் மாதிரி இருந்தாலும் சுத்தச் சாம்பல் இல்லை, லேசாக நீலம் கலந்தது. நீலத்தின் நடுவில் மணிக்கணக்கில் பார்த்தால் படம் மஞ்சளடிப்பதாகத் தோன்றி, மஞ்சள் பூசிய முகத்திலிருந்தும் தாலிக் கயிற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வார்ம்த்தைக் குறைத்துவிடுவோம். பிரிஃபரன்ஸஸில் யூசர் பக்கம் போய் யூஐ செட்டிங்ஸைத் திறந்தால், பின்னணியைச் சாம்பலாக்கும் டிக் பாக்ஸ் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் நீலம் போய்விடும். அது அங்கே இருப்பதே, நிறம் சேராத சாம்பல் தேவை என்று செய்தவர்களுக்கே தெரியும் என்பதற்குச் சாட்சி. ஏன் அதையே டீஃபால்ட்டாக வைக்கவில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை, நீலம் கலந்தால் அழகாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை. படத்துக்குக் கலர் செய்யும் பெரிய கிரேடிங் ரூம்களில் சுவரைக்கூடச் சாம்பலில் அடித்து, மானிட்டருக்குப் பின்னால் பகல் வெளிச்சம் மாதிரியான 6500 கெல்வின் விளக்கை மங்கலாக எரிய விடுகிறார்கள். எங்கள் ஸ்டூடியோ சுவர் பச்சை. ஓனரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று, வாஸ்து என்றார்.

பேனலில் நிறம் கூடாது என்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் நிறம் என்பது தகவல். முகூர்த்தம் மேங்கோ, நலங்கு மஞ்சள், ரிசப்ஷன் வயலட், மண்டபத்துக்கு வெளியே எடுத்த ட்ரோன் எல்லாம் செருலியன் என்று லேபிள் போட்டு வைத்திருப்பேன். நாலு மணி நேர ஃபுட்டேஜில் தாலி கட்டுகிற இடம் எங்கே என்று தேடவே வேண்டாம். சுற்றியிருக்கும் பேனலும் கலர்கலராக மின்னினால் இதெல்லாம் அதில் கரைந்துபோகும். அதே சமயம் நிறத்தை மட்டும் நம்பிச் சேதி சொல்வதும் எனக்குச் சம்மதமில்லை. பிரீமியரில் எந்தப் பகுதி தடங்கலில்லாமல் ஓடும் என்று காட்டும் ரெண்டர் கோடு சிவப்பு, மஞ்சள், பச்சை. எங்களோடு வேலை செய்யும் கேமராக்காரர் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும், "கோடு இருக்குப்பா, ஆனா என்ன சொல்லுதுன்னு தெரியலை" என்பார். டாவின்சியில் கேஷ் ஆகாதது, அதாவது ஓட்டத் தயாராகச் சேமிக்கப்படாதது, சிவப்பு, ஆனது நீலம். இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஆக, என் பழக்கம் இதுதான். பகலில் கட் செய்யும்போதும் சப்டைட்டில் அடிக்கும்போதும் லைட் தீம். கருஞ்சாம்பலில் சாம்பல் எழுத்தை நாற்பது தாண்டிய கண்ணால் படிக்க முடியவில்லை, அது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. கலருக்கு மட்டும் டார்க், அதுவும் ரூம் லைட்டோடு. டார்க்கஸ்ட் எனக்கு எதற்கும் உதவவில்லை.

தம்பிக்கு டார்க்கஸ்ட்தான் உயிர். ஒரே சிஸ்டம் என்பதால் அவன் நைட் ஷிஃப்ட் முடித்துப் போனதும் காலையில் நான் மாற்றுவேன், சாயங்காலம் அவன் மாற்றுவான். நேற்று மாற்ற மறந்துவிட்டேன். அவன் இழுத்துவிட்டுப் போன ஜன்னல் திரையையும் திறக்கவில்லை. மதியம் சாப்பிட எழுந்தபோதுதான் கவனித்தேன். காலையிலிருந்து செய்த கலர் கரெக்‌ஷனை எல்லாம் இன்றைக்கு முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.