கையெழுத்து இல்லையென்றால் அவைக்கு வரவில்லை என்று அர்த்தமில்லை

அண்ணாச்சி, மக்களவை எதிர்க்கட்சித் தலைவரின் வருகை பூஜ்யம் என்று நீங்கள் போட்ட பட்டியல் தப்பான அர்த்தம் தருகிறது. எதிர்க்கட்சித் தலைவரும் அமைச்சர்களும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அந்தக் கட்டம் காலியாக இருப்பது அதனால்தான்.

அவை விவாதங்களில் அவர் பேசியது போதாது என்ற கோபம் எனக்கும் உண்டு. தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைத் தினமும் பார்க்கிற நமக்கு, டெல்லியில் பேச வேண்டியவர்கள் சொதப்பினால் வயிறு எரியத்தான் செய்யும். அப்படியென்றால் அவர் பேச்சையே எடுத்துப் போட்டுக் கேள்வி கேளுங்கள்; மக்களவை இணையதளத்தில் விவாதங்கள் எழுத்திலேயே கிடைக்கின்றன. நம்ம நெல்லை எம்.பி.க்கு அந்தப் பட்டியலைப் பார்க்கலாம், சாதாரண உறுப்பினர் தன் வருகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவைச் சீக்கிரம் திருத்துங்கள், பாளையங்கோட்டை வாட்ஸ்அப் குழுக்களில் அது ஏற்கெனவே சுற்றுகிறது.