கேம் சிமுலேஷன் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

"சிமுலேஷன் சுத்தமா ஓடுச்சு, மோதலைக் காட்டுற சிவப்பு ஒரு இடத்துலகூட வரல, ஆனா மெஷின்ல ஹோல்டர் போய் கிளாம்ப்ல இடிச்சிடுச்சு." கேம் என்பது சிஎன்சி மெஷினுக்கு வெட்டும் பாதையைப் போட்டுத்தரும் மென்பொருள்; அதில் ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பழி உடனே மென்பொருள் மேல் விழும், இல்லையென்றால் ஆபரேட்டர் மேல் விழும். டூல்பாத்தை, அதாவது டூல் நகரும் பாதையை, நோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். டூல்பாத்துக்கும் டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே போஸ்ட் ப்ராசஸர், டூல் லைப்ரரி, ஆஃப்செட் பக்கம் (மெஷினில் டூல் அளவுகளையும் ஜாபின் இடத்தையும் பதியும் இடம்) என்று மூன்று இடங்கள் இருக்கின்றன. கோளாறு அங்கேதான் பிறக்கிறது. டூல்பாத் கற்றுக்கொள்ளச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இந்த மூன்றுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெரும்பாலான கேம் மென்பொருள்களில் நாம் பார்க்கும் சிமுலேஷன், ஜி-கோடை, அதாவது மெஷின் படிக்கும் கட்டளை வரிகளை, படித்து ஓடுவதே இல்லை. மென்பொருள் தனக்குள் வைத்திருக்கும் சிஎல் தரவை, அதாவது கட்டர் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்ற கணக்கை வைத்து ஓடுகிறது. 1950களில் எம்ஐடியில் உருவான ஏபிடி மொழியிலேயே இந்தப் பிரிவினை வந்துவிட்டது: பாதையை ஒரு நிரல் கணக்கிடும், அதை அந்தந்த மெஷினின் மொழிக்கு மாற்றும் வேலையை போஸ்ட் ப்ராசஸர் செய்யும். அந்த மாற்றத்தில் நடக்கும் தவறு எதுவும் திரையில் தெரியாது. ஜி-கோடுக்கு ஆர்எஸ்-274-டி, ஐஎஸ்ஓ 6983 என்று தரநிலைகள் இருந்தும் ஃபானுக், சீமென்ஸ், ஹைடன்ஹைன், ஹாஸ் போன்ற கண்ட்ரோல்கள் (மெஷினை இயக்கும் கணினிகள்) எல்லாம் அதற்கு மேல் தங்கள் வழியில் கட்டிக்கொண்டவை. ஒரே வரியை இரண்டு கண்ட்ரோல்கள் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளும். வெரிகட் போல, போஸ்ட் செய்த கோடையே படித்துச் சோதிக்கும் மென்பொருள்கள் தனியாக விற்பதற்குக் காரணமே இந்த இடைவெளிதான்.

முதலில் ராபிட், அதாவது வெட்டாமல் வேகமாக நகரும் ஜி00 கட்டளை. திரையில் ஜி00 நேர்கோடாகத் தெரியும். பல மெஷின்களில் அது நேர்கோடு கிடையாது. ஒவ்வொரு ஆக்சிஸும் தன் முழு வேகத்தில் ஓடி, தன் இடம் வந்ததும் நின்றுவிடும். எக்ஸ்0 ஒய்0-இலிருந்து எக்ஸ்300 ஒய்100-க்குப் போகச் சொன்னால், இரண்டு ஆக்சிஸுக்கும் ராபிட் வேகம் ஒன்றாக இருக்கும்பட்சத்தில் டூல் 45 டிகிரியில் எக்ஸ்100 ஒய்100 வரை போய், அங்கிருந்து எக்ஸில் மட்டும் ஓடும். திரையில் எக்ஸ்100 இருக்கும்போது ஒய் 33-இல்தான் இருந்தது. எக்ஸ்100 ஒய்90-இல் ஒரு கிளாம்ப் இருந்தால் சிமுலேஷனில் தொடாது, மெஷினில் இடிக்கும். ஃபானுக்கில் 1401-ஆம் பாராமீட்டரின் எல்ஆர்பி பிட்டை 1 ஆக்கினால் ராபிட் நேர்கோட்டில் போகும். அதைத் தொட அனுமதி இல்லையென்றால் இரண்டு வழி உண்டு. ஆபரேஷன்களுக்கு இடையிலான கிளியரன்ஸ் உயரத்தை மிக உயரமான கிளாம்புக்கு மேலே வைக்கலாம். அல்லது அந்த நகர்வுகளை அதிக ஃபீடில் (டூல் முன்னேறும் வேகம்) ஜி01 எனும் நேர்கோட்டு நகர்வாகப் போஸ்ட் செய்யலாம். உங்கள் மெஷின் எந்த ரகம் என்று தெரியாவிட்டால் இசட்டை உயரத்தில் வைத்து, ராபிட் ஓவர்ரைடை 25 சதவீதத்தில் போட்டு, கையால் ஒரு வரி தட்டி ஓட்டும் எம்டிஐயில் மேலே சொன்ன நகர்வைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

அடுத்தது மெஷினை ஹோமுக்கு அனுப்பும் ஜி28. இதில் உடைந்த டூல்களுக்குக் கணக்கே இல்லை. ஜி90 நிலையில் (ஜாபின் பூஜ்யத்திலிருந்து அளவை எண்ணும் நிலை) ஜி28 இசட்0 என்று வந்தால், மெஷின் முதலில் ஜாபின் இசட் பூஜ்யத்துக்கு ராபிடில் இறங்கிவிட்டுத்தான் ஹோமுக்குப் போகும். அந்த இசட்0 இடைப்புள்ளி, ஹோம் நிலை இல்லை. இருக்கும் இடத்திலிருந்து எண்ணும் ஜி91-ஐச் சேர்த்து, ஜி91 ஜி28 இசட்0 என்றுதான் வர வேண்டும். அல்லது ஜி90 ஜி53 ஜி00 இசட்0 என்று வரட்டும். அது மெஷின் ஆயத்தொலைவிலேயே பேசுவதால் குழப்பத்துக்கு இடமில்லை. ஜி91 போட்ட பிறகு ஜி90-க்குத் திரும்பும் வரி போஸ்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தசமப் புள்ளியும் இப்படித்தான். வழக்கமான அமைப்பில் உள்ள ஃபானுக் கண்ட்ரோலில் எக்ஸ்100 என்று புள்ளி இல்லாமல் எழுதினால் அது 100 மைக்ரான், அதாவது 0.1 மி.மீ. போஸ்ட் புள்ளியைச் சரியாகப் போட்டுவிடும். மெஷின் பக்கத்தில் நின்று கையால் ஒரு வரியைத் திருத்தும்போதுதான் விட்டுப்போகும். துளையில் மரை வெட்டும் டேப்பிங்கில் ஃபீடை முழு எண்ணாக மாற்றும் போஸ்ட்களும் உண்டு. 1.27 மி.மீ. பிட்ச், 350 ஆர்பிஎம் என்றால் ஃபீட் 444.5. அதை 445 ஆக்கினால் ரிஜிட் டேப்பிங்கில் அந்த வித்தியாசத்தை டேப்தான் தாங்க வேண்டும். பிட்ச்சோடு பெருக்கினால் முழு எண் வரும்படி ஆர்பிஎம்மைத் தேர்ந்தெடுப்பது எளிய வழி: 400 வைத்தால் ஃபீட் 508. ஃபீடை ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று சொல்லும் ஜி95-இல் டேப் அடிக்கும் போஸ்டில் ஃபீட் என்பதே பிட்ச் என்பதால், அங்கே குறைந்தது 3 தசம இடம் கட்டாயம்.

நல்ல போஸ்ட் ஒவ்வொரு டூலின் தொடக்கத்திலும் எல்லாவற்றையும் மறுபடி சொல்லும்: ஜி90, ஜி17, ஜி40, ஜி80, ஜாபின் பூஜ்யத்தைச் சொல்லும் ஒர்க் ஆஃப்செட், ஸ்பிண்டில் வேகம், டூல் நீளத்தை எடுக்கும் ஜி43 எச் எண், கூலன்ட். இது வெறும் திரும்பச் சொல்லல் என்று நினைத்து நீக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறாவது டூல் உடைந்து, அந்த டூலிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டி வரும்போது ஆபரேட்டரைக் காப்பாற்றுவது இந்த வரிகள்தான். நீக்காதீர்கள். எச் எண்ணும் டூல் எண்ணும் ஒன்றாகவே இருக்கும்படி போஸ்டிலேயே பூட்டிவிடுங்கள்.

டூல் லைப்ரரிக்கு வருவோம். மென்பொருளோடு வரும் லைப்ரரியை அப்படியே பயன்படுத்துவது பெரிய தவறு. அதில் உள்ள ஹோல்டர் உங்களிடம் இருக்கும் ஹோல்டர் இல்லை, டூல் வெளியே நீட்டியிருக்கும் நீளமும் உங்களுடையது இல்லை. ப்ரோகிராமர் 40 மி.மீ. நீட்டம் என்று வைத்துப் பாதை போடுவார், செட்டிங் செய்கிறவர் உறுதியாக இருக்கட்டும் என்று 32-இல் இறுக்குவார். ஆழமான பாக்கெட்டின் கடைசி லெவலில் ஹோல்டர் சுவரைத் தேய்க்கும். மறுபக்கமும் உண்டு: வளைவு நீட்டத்தின் மும்மடிக்கும், விட்டத்தின் நான்மடிக்குத் தலைகீழாகவும் போகும். 30 மி.மீ. நீட்டத்தை 40 ஆக்கினால் அதே விசையில் டூல் சுமார் 2.4 மடங்கு வளையும். சுவர் சாய்வதற்கும் சாட்டர் எனும் அதிர்வு வருவதற்கும் இதுவே காரணமாக இருக்கும்போது, ஃபீடைக் குறைத்து மணிக்கணக்கில் போராடுவதில் பயனில்லை. செட்டிங் ஷீட்டில் ஒவ்வொரு டூலுக்கும் நீட்டத்தை எண்ணாக எழுதுங்கள். குறைந்தபட்ச நீட்டமா, சரியாக அதே நீட்டமா என்பதையும் எழுதுங்கள். ஹோல்டரின் உண்மையான விட்டங்களை ஒருமுறை வெர்னியரில் அளந்து லைப்ரரியில் ஏற்றிவிட்டால் அது காலத்துக்கும் உழைக்கும்.

டூலின் ஆரத்துக்கு ஏற்பப் பாதையை விலக்கும் கட்டர் காம்பன்சேஷனில் நடக்கும் குழப்பம் தனி ரகம். கண்ட்ரோல் வகை என்றால் ப்ரோகிராமில் வருவது ஜாபின் கோடு, 10 மி.மீ. எண்ட்மில்லுக்கு ஆரம் 5.000 ஆஃப்செட் பக்கத்தில் இருக்க வேண்டும். வேர் வகை என்றால் ஆரத்தைக் கேமே கணக்கில் எடுத்து மையப்பாதையைத் தந்துவிடும், ஆஃப்செட் 0.000-இல் தொடங்கி, தேய்மானத்துக்கு ஏற்ப -0.02 போலச் சின்னத் திருத்தம் மட்டும் போகும். கண்ட்ரோல் வகை ப்ரோகிராமுக்கு ஆஃப்செட்டில் 0 இருந்தால் டூல் சுவருக்குள் 5 மி.மீ. ஏறிவிடும், ஜாப் ஸ்கிராப். வேர் வகைக்கு 5.000 இருந்தால் சுவரிலிருந்து விலகிக் காற்றில் ஓடும், இல்லையென்றால் பாக்கெட்டுக்குள் ஃபானுக்கில் 041 அலாரம் வரும். ஒரே பட்டறையில் இரண்டு வகையையும் கலந்து ஓட்டவே கூடாது. என் தேர்வு வேர் வகை. ஆஃப்செட் பக்கத்தில் 0.1-க்கு மேல் ஓர் எண் தெரிந்தாலே ஏதோ தப்பு என்று ஆபரேட்டருக்கு உடனே புரியும். ஆஃப்செட் ஆரமாகவா விட்டமாகவா என்பது கண்ட்ரோலின் அமைப்பைப் பொறுத்தது, அதையும் மெஷினிலேயே எழுதி ஒட்டிவையுங்கள். காம்பன்சேஷனை இயக்கும் ஜி41 தொடங்கும் வரி நேர்கோடாகவே இருக்க வேண்டும். ஆர்க்கில் (வட்டத்தின் வில்லில்) தொடங்கினால் ஃபானுக்கில் 034 அலாரம். அந்தக் கோடு ஆஃப்செட் மதிப்பைவிட நீளமாக இருக்கட்டும்.

ஃபீட் விஷயத்தில் கேட்லாக் எண்ணை அப்படியே போட்டுவிட்டு, டூல் சீக்கிரம் மழுங்குகிறது என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர். அடாப்டிவ், டைனமிக் போன்ற பாதைகளில் ஸ்டெப்ஓவர், அதாவது டூல் பக்கவாட்டில் எடுக்கும் அகலம், குறைவு என்பதால் சிப் மெலிந்துவிடும். 10 மி.மீ. எண்ட்மில், 1 மி.மீ. ஸ்டெப்ஓவர் என்றால் உண்மையான சிப் தடிமன், பல்லுக்குக் கொடுத்த ஃபீடில் 60 சதவீதம்தான். நிமிடத்துக்கு 120 மீட்டர் வெட்டு வேகத்தில் 3820 ஆர்பிஎம். 4 பல், பல்லுக்கு 0.05 என்றால் ஃபீட் 764. அதே 0.05 தடிமன் உண்மையிலேயே கிடைக்க ஃபீடை 1270 அளவுக்கு ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் டூல் வெட்டாமல் தேய்க்கும், சூடாகும், முனை போகும்.

உள்மூலையில் கதை தலைகீழ். ப்ரோகிராமில் போடும் ஃபீட் டூலின் மையத்துக்கு. சுவரைத் தொடும் விளிம்பு வேறு வேகத்தில் போகும். 6 மி.மீ. ஆரமுள்ள உள்மூலையில் 10 மி.மீ. டூல் ஓடும்போது மையம் நகரும் ஆரம் 1 மி.மீ. மட்டும். மையத்தில் 600 ஃபீட் என்றால் சுவரில் 3600. மூலையில் வரும் கீறலுக்கும் கீச்சென்ற சத்தத்துக்கும் காரணம் இதுதான், அதோடு அங்கே டூல் பொருளைச் சுற்றிக்கொள்ளும் கோணமும் கூடுகிறது. கேமில் ஆர்க் ஃபீட் குறைப்பு என்ற தேர்வு பெரும்பாலும் அணைந்தே கிடக்கும், அதை இயக்குங்கள். சீமென்ஸில் சிஎஃப்சி, ஹைடன்ஹைனில் எம்109, எம்110 இதே வேலையைக் கண்ட்ரோலிலேயே செய்யும். ஆனால் அதற்கு டூலின் உண்மையான ஆரம் கண்ட்ரோலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேர் வகையில் அது தெரியாது என்பதால் குறைப்பைக் கேமிலேயே செய்துவிட வேண்டும். ஹெலிக்ஸில் இறங்குவதற்கும் த்ரெட் மில்லிங்குக்கும் இதே கணக்கு: 20 மி.மீ. துளையில் 12 மி.மீ. டூல் என்றால் மைய ஃபீட் 40 சதவீதம்.

3டி ஃபினிஷிங்கில் டாலரன்ஸை, அதாவது பாதை மாடலிலிருந்து விலகலாம் என்ற அளவை, கண்ணை மூடிக்கொண்டு 0.001 ஆக்குவது வழக்கமாகிவிட்டது. புள்ளிகள் பெருகி ஒவ்வொரு வரியும் 0.05 மி.மீ. நீளத்துக்குச் சுருங்கினால், 3000 ஃபீடுக்குக் கண்ட்ரோல் நொடிக்கு 1000 வரிகள் படிக்க வேண்டும். நொடிக்கு 100 வரி படிக்கும் பழைய கண்ட்ரோல் 300 ஃபீடுக்கு மேல் போகாது, மெஷின் திக்கித் திக்கி ஓடும், பரப்பில் தழும்பு விழும். டாலரன்ஸை 0.005 முதல் 0.01-க்குள் வைத்து, கண்ட்ரோலின் ஸ்மூத்திங்கையும் இயக்குங்கள்: ஃபானுக்கில் ஜி05.1 க்யூ1, சீமென்ஸில் சைக்கிள்832, ஹாஸில் ஜி187. ரஃபிங்கில் தளர்வாகவும் ஃபினிஷிங்கில் இறுக்கமாகவும் இந்த வரி தானாக மாறும்படி போஸ்டில் எழுதிவிடலாம். ஃபானுக்கில் 020 அலாரம் அடிக்கடி வந்தால் சின்ன ஆர்க்குகளின் மையம் 3 தசமத்துக்குச் சுருங்கும்போது ஆரம் பொருந்தாமல் போகிறது என்று அர்த்தம்; போஸ்டில் ஆர்க்கின் குறைந்தபட்ச ஆரத்தையும் நீளத்தையும் உயர்த்துங்கள், அவை நேர்கோடுகளாக மாறிவிடும்.

மாடலையும் நம்பிவிட வேண்டாம். டிராயிங்கில் ஷாஃப்டுக்கு 20 எஃப்7 என்றால், அனுமதிக்கப்பட்ட விலகல் -0.020 முதல் -0.041 வரை. மாடலில் இருப்பதோ 20.000. கேம் 20.000-க்குத்தான் பாதை போடும். ப்ரோகிராம் தொடங்கும் முன் இப்படி ஒருபக்கமாகச் சாயும் அளவுகளை மாடலில் நடு மதிப்புக்கு, இங்கே 19.97-க்கு மாற்றிவிட்டால் ஆஃப்செட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

மென்பொருள் நிறுவனங்கள் மேல் எனக்கு இருக்கும் உண்மையான கோபம் வேறு. பதிப்பு மாறினால் பழைய பதிப்பில் கோப்பு திறக்காது. சந்தா நின்றால் சொந்த வேலையே பூட்டிக்கொள்ளும். போஸ்டைத் திருத்தத் தனிக் கட்டணம், சில இடங்களில் திருத்த முடியாதபடி பூட்டியே தருகிறார்கள். 2020-இல் ஃபியூஷன் 360-இன் இலவசத் தனிநபர் உரிமத்தில் ராபிட் நகர்வுகளை வெட்டு ஃபீடுக்கு இறக்கினார்கள். அதை நம்பிக் கற்றுக்கொண்டிருந்தவர்கள் ஒரே அறிவிப்பில் தவித்தார்கள். வாங்கும் முன் டெமோவில் பளபளப்பான ஐந்து ஆக்சிஸ் பாதையைப் பார்த்துக் கைதட்டாதீர்கள். உங்கள் மெஷினுக்கான போஸ்ட், திருத்தும் உரிமையோடு, உங்கள் ஜாபில் ஓடிக் காட்டப்பட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

போஸ்டுக்கென்று ஒரு சோதனை ஜாப் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஒர்க் ஆஃப்செட், மூன்று டூல், ஒரு முழு வட்டம், ஒரு ஹெலிக்ஸ், துளை போடும் ஜி81, ஜி83, ஒரு ரிஜிட் டேப், காம்பன்சேஷன் உள்ளே போய் வெளியே வரும் ஒரு சுவர். மென்பொருள் அப்டேட் ஆனதும், போஸ்டில் ஒரு வரி மாற்றியதும், இதை மறுபடி போஸ்ட் செய்து பழைய கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடும் நிரலில் போட்டுப் பாருங்கள். எதிர்பார்க்காத வித்தியாசம் ஒன்று தெரிந்தாலும் அது மெஷினுக்குப் போகக் கூடாது.

முதல் ஜாப் ஓட்டும்போது ஒவ்வொரு டூலையும் வரிக்கு வரி நின்று ஓடும் சிங்கிள் பிளாக்கில், ராபிடைக் குறைத்து இறக்குங்கள். ஜி43 வரி முடிந்து டூல் ஜாபுக்கு 50 மி.மீ. மேலே வந்ததும் நிறுத்தி, திரையில் உள்ள இசட் மதிப்பையும் கண்ணால் தெரியும் இடைவெளியையும் ஸ்கேலை வைத்து ஒப்பிடுங்கள். பிறகு அடுத்த இறக்கத்தில் டிஸ்டன்ஸ் டு கோ, அதாவது போக வேண்டிய மீதித் தூரம், எவ்வளவு என்று பாருங்கள். திரையில் 48 மீதி என்று காட்டும்போது டூலுக்கும் ஜாபுக்கும் நடுவே 30-தான் இருக்கிறது என்றால் நீள ஆஃப்செட்டோ ஒர்க் ஆஃப்செட்டோ தப்பு. ஃபீட் ஹோல்டை அழுத்திவிட்டு ஆஃப்செட் பக்கத்துக்குப் போங்கள்.