எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி யாரும் போட்ட பிச்சை இல்லை

கோத்தகிரிக் கூட்டத்தில் ஒரு அண்ணன் எதிர்க்கட்சித் தலைவரைப் பற்றிப் பேசியதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "தோத்தவனுக்கு எதுக்குய்யா கேபினட் மந்திரி சம்பளம், பங்களா?" உடனே கைதட்டல். பேச்சைவிட அந்தக் கைதட்டல்தான் மனதை அறுக்கிறது.

எதிர்க்கட்சித் தலைவர் பதவி ஆறுதல் பரிசு இல்லை. 1977-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு ஊதியம் கொடுத்த பதவி. எதிர்க்கட்சிகளில் பெரிய கட்சியின் தலைவர், அவரை அவைத் தலைவர் அங்கீகரிக்க வேண்டும். சட்டம் சொல்வது அவ்வளவுதான். பத்தில் ஒரு பங்கு இடம் வேண்டும் என்ற கணக்கு அதில் கிடையாது. அது மக்களவையின் முதல் அவைத் தலைவர் மாவ்லங்கர் காலத்து வழக்கம். 543-க்கு 55 பேர். காங்கிரஸுக்கு 2014-ல் 44, 2019-ல் 52. பத்து வருஷம் மக்களவையில் அந்த நாற்காலி காலி. 2024-ல் 99 வந்த பிறகுதான் ராகுல் காந்தி உட்கார்ந்தார்.

காலியாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? மேல்மட்ட ஊழலை விசாரிக்கும் அமைப்பான லோக்பாலுக்கான சட்டம் 2013-ல் நிறைவேறியது. தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் உண்டு. அவர் இல்லை என்பதே தள்ளிப்போடக் காரணமானது. இல்லாவிட்டாலும் நியமிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியும் முதல் லோக்பால் வந்தது 2019 மார்ச்சில். அப்போது மக்களவையில் காங்கிரஸ் தலைவராக இருந்த கார்கேயைத் தேர்வுக் குழுவுக்குச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட்டார்கள். ஓட்டுரிமை இல்லாத இடத்துக்கு வரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். இதே சிக்கல் சிபிஐ இயக்குநர் தேர்விலும் வந்தது. அங்கே 2014-லேயே சட்டத்தைத் திருத்தி, பெரிய எதிர்க்கட்சியின் தலைவர் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் முதலிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆக, வழி தெரியாமல் இல்லை. மனம் இல்லை.

"மூணு பேர் குழுவில் ரெண்டு பேர் ஆளும் தரப்பு, இவர் ஒருத்தர் என்ன செய்துவிடுவார்?" நியாயமான கேள்வி. 2023 சட்டப்படி தேர்தல் ஆணையர் தேர்வில் பிரதமர், ஒரு அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர். ஓட்டெடுத்தால் தோற்பார்தான். ஆனால் பட்டியல் அவர் கைக்கும் வரும், மாற்றுக் கருத்தை எழுதிவைக்கலாம். பசுந்தேயிலை எடை போடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். சாக்குக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கிலோ கழிப்பார்கள். விலையை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் நம்ம ஆள் ஒருத்தர் தராசுக்குப் பக்கத்தில் நின்றால் கழிக்கிற கை கொஞ்சம் தயங்கும்.

அவையில் கூச்சல்தானே போடுகிறார்கள் என்பவர்களுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. அரசின் செலவைச் சரிபார்க்கும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவில் 22 பேர், 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர்தான் தலைவர். அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கையைப் பத்திப் பத்தியாக வைத்துக்கொண்டு துறைச் செயலாளர்களைக் கேள்வி கேட்பது அங்கேதான். டிவியில் அது வராது.

நம்ம மாநிலத்தையும் மறந்துவிடாதீர்கள். 2011-ல் சட்டமன்றத்தில் 29 இடங்களோடு விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். 2016 பிப்ரவரியில் அவர் கட்சி எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா செய்து பலம் 234-ல் பத்தில் ஒரு பங்கான 24-க்குக் கீழே இறங்கியதும் பதவி போய்விட்டது. தலையை எண்ணித்தான் பதவி என்றால், தலையைக் குறைத்தே பதவியைப் பறிக்கலாம்.

எனக்கு வலிப்பது வேறு. கிராம சபையில் தெருவிளக்குக் கணக்குக் கேட்பவரையும் இங்கே "வேலையைக் கெடுக்க வந்தவன்" என்கிறோம். கேட்கிறவர் எதிரி, தலையாட்டுகிறவர் நல்லவர். இந்தப் பழக்கத்தோடு டெல்லியைப் பார்த்தால் அந்த நாற்காலி வீண்செலவாகத்தான் தெரியும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. 1977 சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: எத்தனை இடமானாலும் பெரிய எதிர்க்கட்சியின் தலைவரே எதிர்க்கட்சித் தலைவர், அவரை அவைத் தலைவர் குறித்த நாளுக்குள் அங்கீகரித்தே ஆக வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் இதைத்தான் கேட்பேன்.